சொல்லாது விட்ட சொல்

யாழ்ப்பாணத்துப் பேருந்தில் ஏறிய ஒருவர் நடத்துநரிடம், “சாவகச்சேரி, இரண்டு” என்கின்றார். ‘கு’ உருபு இல்லை. சீட்டு என்னும் பெயர் இல்லை. தருக என்னும் வினையும் இல்லை. ஆயினும் நடத்துநர் மயங்குவதில்லை. அதே இரு சொற்களை அவர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் பெறுபவர் திகைப்பார்.

சொற்களை இவ்வாறு விடுதல் சோம்பலின் பயனன்று. கேட்பவர் எதனை எதிர்பார்த்திருக்கின்றாரோ அதனையே நாம் விடுகின்றோம். ஆங்கிலத்தில் இதனை அளந்தே காட்டியுள்ளனர். நினைத்தலைக் குறிக்கும் ‘திங்க்’ என்னும் வினையை அடுத்து ஒரு வாக்கியம் வரும் என்பதைக் கேட்பவர் முன்னரே உணர்வர். ஆதலின், நமது ‘என்று’ போல் வாக்கியங்களை இணைக்கும் ‘தட்’ என்னும் சொல்லைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். உறுதிசெய்தலைக் குறிக்கும் ‘கன்ஃபர்ம்’ என்பதன்பின் பெயரும் வரலாம், வாக்கியமும் வரலாம். அங்கே ‘தட்’ விடப்படுவது குறைவு. ஃபுளோரியன் யேகர் என்னும் மொழியியலறிஞர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, உரையாடற் பதிவுகளைக் கொண்டு இதனை நிறுவியது.

இவ்வுண்மையின் வித்து நம் இலக்கணத்திலும் உண்டு. ஐ, கண் என்னும் இரண்டும் ஒழிந்த வேற்றுமை உருபுகள் தொடரின் இறுதியில் தொகா என்பது தொல்காப்பியர் விதி. ‘கண்டேன் கடல்’ எனலாம். கண்டேன் என்றவுடனே ‘எதனை?’ என்னும் வினா எழுந்துவிடுகின்றது. ‘ஐ’ இன்றியும் பொருள் விளங்கும். ‘கொடுத்தேன் மாணவன்’ என்றால் விளங்குமோ? உரையாசிரியர் காட்டும் ‘புலிகொல் யானை’யிலோ, கொன்றது எது, பட்டது எது என்றே தெரியவில்லை. எதிர்பார்ப்பு ஒருபால் சாயாதவிடத்து உருபு வேண்டும்.

நம் வகுப்பறைகள் இதனை மறந்தன. ‘சென்றேன்’ என்னும் வினையிலேயே ‘நான்’ அடங்கியிருக்க, வரிதோறும் ‘நான்’ எழுதுவித்து அதுவே நிறைவான வாக்கியம் என்னும் ஆசிரியர் உளர். தமக்கன்றிப் பிறர்க்கு விளங்காதவாறு விடையைச் சுருக்கும் மாணாக்கரும் உளர். படிப்பவர் யார் என்று இருசாராரும் கேட்பதில்லை.

ஆடி அமாவாசை கழிந்தபின் ‘கொடியேறிவிட்டது’ என்று எழுதினால், நல்லூர் என்பதை நம்மூரார் தாமே நிரப்பிக்கொள்வர். தொறன்ரோவிலே பிறந்து வளரும் பேரப்பிள்ளைக்கு அது வெறும் புதிர். ஊரும் கோயிலும் திருவிழாவும் அப்பிள்ளைக்குச் சொல்லப்படல் வேண்டும். சொல்லாது விட்டால், சொல்லோடு உறவும் விட்டுப்போகும்.

ஆதலின் தமிழாசிரியர்க்கு ஒரு விண்ணப்பம். ஒரே செய்தியை மாணாக்கர் இருமுறை எழுதட்டும்: முதலில் பக்கத்து இருக்கைத் தோழனுக்கு, பின்னர், கடல்கடந்து வாழும் மைத்துனனுக்கு. முன்னதில் விட்ட சொற்களுள் எவை பின்னதில் திரும்பி வருகின்றன என்று அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். நூற்பாவை நெட்டுருச் செய்து பெறாத தெளிவை அந்த ஒருநாட் பயிற்சி தரும்.