இளைஞர் அணியா, கறிக்கோழிப் பண்ணையா?

செல்சி ரசிகக் கண்மணிகள் கோவிச்சுக்காதீங்க மக்கா, ஆனா சொல்லாம இருக்க முடியல. 2014-லேர்ந்து 2018 வரைக்கும் வரிசையா 5 தடவை எஃப்.ஏ. யூத் கப் ஜெயிச்சது செல்சி பசங்க. அதுல சீனியர் டீம்ல அப்போ இடம் கிடைச்சது கிறிஸ்டென்சன், லாஃப்டஸ்-சீக்னு விரல் விட்டு எண்ணிடலாம். மத்தவனெல்லாம் வாடகை சைக்கிள் மாதிரி ஊர் ஊரா லோன்ல சுத்துனானுங்க.

2019-ல ஃபிஃபா ஆள் வாங்கத் தடை போட்டுச்சு. (எதுக்கு? சின்னப் பசங்களைச் சேர்க்கறதுல விதியை மீறுனதுக்கு. நல்ல காமெடி!) வேற வழியில்லாம லாம்பார்ட் இவனுங்களை இறக்கினார். ரெண்டே வருஷம், 2021 சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல ஹாவெர்ட்ஸ் கோலுக்கு பாஸ் குடுத்தது யாரு? 6 வயசுலேர்ந்து அங்கேயே வளர்ந்த மேசன் மவுண்ட்.

அவனையே 2023-ல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வித்தாச்சு.

ஏன்னா கணக்கு அப்படி. வெளிய வாங்குன ஆளோட விலையை ஒப்பந்த வருஷங்களுக்குப் பிரிச்சு எழுதுவாங்க. விக்கும்போது மிச்சத்தைக் கழிக்கணும். சொந்தப் பையனுக்குக் கழிக்க ஒண்ணுமே இல்ல, வர்ற காசு அம்புட்டும் லாபம். நஷ்டத்துக்கு உச்சவரம்பு வெச்ச பிரீமியர் லீக் விதி, வீட்டுப்பிள்ளையை முதல்ல விக்கிறவனுக்குத்தான் வசதி பண்ணிக் குடுத்துச்சு. என்னங்கய்யா நியாயம் இது?

'பிசினஸ்னா அப்படித்தான் பாஸ்'னு கெளம்பி வர்றவங்களுக்கு: 2023-24 சீசன்ல பாதிக்கு மேல கேப்டன் பட்டையைக் கட்டிட்டு ஓடுன காலகரையும் 2024-லயே அட்லெடிகோவுக்கு வித்தாங்களே, அவனும் அந்தப் பண்ணையில வளர்ந்தவன்தான்.