வேலை கேட்பது குற்றமா?

சென்ற வாரம் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த வேலைவாய்ப்புக் கருத்தரங்குக்குச் சென்றிருந்தேன். மேடையில் பேசியவர் ஓய்வூதியம் பெறும் பேராசிரியர். "வேலை தேடுவோராக இராதீர்கள், வேலை தருவோராக மாறுங்கள்" என்றார். பி.எஸ்.சி. வழிகாட்டி நூல்களோடு நூலகத்தில் தவம் கிடக்கும் இளைஞர்களைப் பற்றி ஒரு நகைச்சுவையும் சொன்னார். அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு விடை சொல்ல வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

அரசு வேலைக்குக் காத்திருப்பது சோம்பலின் அடையாளம் என்போர் இந்நகரின் வரலாற்றை மறந்துவிட்டார்கள். 1891இல் மன்னரிடம் அளிக்கப்பட்ட மலையாளி மெமோரியல், திருவிதாங்கூர் அரசுப் பணிகளில் இம்மண்ணின் மக்களுக்கு இடம் கேட்டது. அப்பணிகளை நிறைத்திருந்த வெளியூர்ப் பிராமணருள் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள் என்பதைத் தமிழாய்வாளனாகிய நான் மறைக்க வேண்டியதில்லை. மருத்துவம் படித்துத் தேறிய டாக்டர் பல்புவுக்கு ஈழவர் என்ற காரணத்தால் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டது. அவர் மைசூர் அரசில் பணியாற்ற நேர்ந்தது. 1896இல் அவர் முன்னின்று அளித்த விண்ணப்பத்தில் 13,176 பேர் கையொப்பமிட்டனர். 1930களின் நிவர்த்தனப் போராட்டத்தில் ஈழவரும் கிறித்தவரும் இசுலாமியரும் இதே உரிமையைக் கேட்டனர். அதன் தொடர்ச்சியாகவே 1936இல் திருவிதாங்கூரில் அரசுப்பணித் தேர்வுக்கென ஆணையர் நியமிக்கப்பட்டார். இன்று பட்டத்தில் இருக்கும் பி.எஸ்.சி. தலைமையகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சாதியால் விலக்காமல், பரிந்துரை கேட்காமல், எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்திருக்கும் வாயில் ஒன்று வேண்டும் என்று மூன்று தலைமுறை போராடிப் பெற்றது அது. அந்த வாயிலில் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கலாமா?

2023–24ஆம் ஆண்டுக்கான தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடையே வேலையின்மை 29.9 விழுக்காடு, இந்திய அளவில் அது 10.2. கேரளத்து இளம்பெண்களிடையே மட்டும் பார்த்தால் 47.1. வேலை தேடும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வேலை இல்லை என்றால், அதை மனப்பான்மைக் கோளாறு என்று எந்த ஆய்வு நெறிப்படி முடிவு செய்வது? 2021 பிப்ரவரியில் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் தலைமைச் செயலகத்தின் முன் முழந்தாளிட்டு நகர்ந்து போராடினார்கள். கடைநிலை ஊழியர் பட்டியலில் இருந்தவர்களும் அவர்களுள் அடக்கம். அவர்கள் தேர்வில் தோற்றவர்கள் அல்லர், வென்றவர்கள். நியமனம் வருமுன் பட்டியல் காலாவதியாகிவிடும் என்பதே அவர்கள் அச்சம்.

இனி 'தொழில் தொடங்கு' என்னும் அறிவுரைக்கு வருவோம். நான் தொழிலுக்கு எதிரி அல்லன். தம்பானூர் பேருந்து நிலையத்தருகே லாரி பேக்கர் கட்டிய சுழல் கட்டடத்தில் காப்பி அருந்தாத ஆய்வாளர் நம்மிடையே அரியவர். அந்த இந்தியன் காப்பி ஹவுஸ், 1950களில் காப்பி வாரியம் தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் துணையோடு அமைத்த கூட்டுறவின் வழி வந்தது. அவர்களுள் எவரும் தனியே துணிந்து 'தொழில்முனைவர்' ஆகவில்லை, சேர்ந்து நின்றார்கள். அண்மைய சான்று குடும்பசிரீ பெண்கள் நடத்திய ஜனகீய உணவகங்கள். 20 ரூபாய்க்குச் சோறு போட்டார்கள். சாப்பாடு ஒன்றுக்கு 10 ரூபாய் அரசு மானியம். 2023இல் மானியம் நிறுத்தப்பட்டது. வர வேண்டிய பாக்கியும் இழுபட்டது. அரிசிக் கடைக்காரர் பாக்கிக்குக் காத்திருப்பாரா? சிறுதொழிலை முறிப்பது பெரும்பாலும் துணிவின்மை அன்று. உரிய நாளில் வராத பணம்தான். இழப்பைத் தாங்கத் தந்தையின் நிலமோ தாயின் ஓய்வூதியமோ உள்ளவருக்குத் துணிவு எளிது. இல்லாதவருக்கு முதல் தோல்வியே கடைசித் தோல்வி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் அரசு வேலை தர இயலாது. பயிற்சி மையங்கள் பலருடைய இளமையை விழுங்குவதும் உண்மை. ஆனால் அதற்கு மருந்து ஏளனம் அன்று. ஆசிரியப் பெருமக்களே, மெய்யாகவே வேலை தருவோரை உருவாக்க விரும்பினால் உங்கள் வளாகத்திலிருந்தே தொடங்குங்கள். உணவகம், நகலகம், மொழிபெயர்ப்பு, மெய்ப்புப் பார்த்தல், ஆவண மின்னாக்கம் ஆகிய பணிகளை மாணவர் கூட்டுறவுகளுக்கு ஒப்படையுங்கள். முப்பது நாளில் பணம் தரப்படும் என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். ஊதியமில்லா உள்ளகப் பயிற்சிக்கு மாணவரை அனுப்புவதை நிறுத்துங்கள்.

அதைச் செய்த பிறகு மேடை ஏறுங்கள். முதல் வரிசையில் அமர்ந்து கேட்கிறேன். அதுவரை, மாதந்தோறும் முதல் தேதியில் ஊதியம் பெற்றவர்கள், அது கிடைக்காதவர்களுக்குத் துணிவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம்.