கதை வேண்டாம், பிள்ளை வேண்டும்!

மாங்கனித் திருவிழாவில் காரைக்கால் நகரமே ஜன சமுத்திரமாகிவிடும். அந்த நெரிசலில் ஒரு பிள்ளை தாயின் கையை விட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் கதறுவாள். பத்துப் பேர் கூடுவார்கள். "பிள்ளை பிடிக்கிறவன் வேலை" என்பார் ஒருவர். "பங்காளிப் பகை" என்பார் இன்னொருவர். பிள்ளையைத் தேடப் போகிறவர் எத்தனை பேர்?

நிதாரியில் நடந்தது

டெல்லிக்கு அருகே நொய்டாவில் நிதாரி என்று ஓர் ஊர். 2005, 2006-ம் ஆண்டுகளில் அங்கே ஏழைகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பெற்றோர் போலீஸ் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். "எங்கேயாவது ஓடிப் போயிருக்கும்" என்று தட்டிக் கழித்தார்கள் என்பது அவர்களுடைய குமுறல். 2006 டிசம்பர் 29-ந் தேதி ஒரு பங்களாவின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. நாடே நடுங்கியது!

பிறகு கதைகள் பிறந்தன. "நரமாமிசம்" என்றனர் சிலர். "உடல் உறுப்புத் திருட்டு" என்றனர் சிலர். டெலிவிஷனில் இரவு பகலாக வாதம். பங்களாக்காரருக்கும் வேலைக்காரருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 2023 அக்டோபரில் அலகாபாத் ஹைகோர்ட், விசாரணை சரியில்லை என்று கண்டித்து, தன் முன் இருந்த வழக்குகளில் இருவரையும் விடுவித்தது. 2025 நவம்பரில் வேலைக்காரரின் கடைசி வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் விடுதலை அளித்தது. கொன்றது யார்? கதை சொன்னவர்களிடம் பதில் இல்லை.

வதந்தி குடித்த உயிர்

2018 மே மாதம். போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். "பிள்ளை பிடிக்கிறவள்!" என்று கூட்டம் அவரை அடித்தே கொன்றது. வாட்ஸ்அப் வதந்தி செய்த பாதகம் அது!

வெளியூர்க்காரர் மேல்தான் சந்தேகம் முதலில் பாய்கிறது. 2024 மார்ச் 2-ந் தேதி புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 9 வயதுச் சிறுமி காணாமல் போனாள். 5-ந் தேதி அவள் உடல் வாய்க்காலில் கிடைத்தது. கைதானவர்களோ அதே பகுதியில் வசித்தவர்கள்!

எது கடமை?

அப்படியானால் பத்திரிகைகள் வாய் மூடி இருக்க வேண்டுமா? கூடாது. "குற்றவாளி யார்?" என்று தீர்ப்புச் சொல்வது அவற்றின் வேலை அல்ல. "புகார் எப்போது வந்தது? போலீஸார் எங்கே தேடினார்கள்?" என்று கேட்பதே அவற்றின் வேலை. நிதாரியில் அந்தக் கேள்வி முதல் பிள்ளை மறைந்தபோதே எழுந்திருக்க வேண்டும்.

காணாமல் போன பிள்ளை பற்றிய ஒவ்வொரு புகாரிலும் வழக்குப் பதிய வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஒரு நாள் பொறுத்து வரச் சொல்ல எந்தச் சட்டமும் இல்லை.

காரைக்காலுக்கு இது மிக முக்கியம். வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். பூவத்தைத் தாண்டினால் தரங்கம்பாடி. இரண்டும் தமிழ்நாடு; போலீஸும் வேறு. "எங்கள் எல்லை அல்ல" என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. எந்த நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் எழுதப்பட்ட சட்டம்.

தாய்மார்களே! பிள்ளையைக் காணோம் என்றால் உடனே போலீஸ் நிலையம் செல்லுங்கள். 1098 என்ற எண்ணை அழையுங்கள். என்ன சட்டை, எங்கே நின்றது, எத்தனை மணி என்று கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவர்களே! உங்கள் யூகம் அந்தத் தாய்க்கு வேண்டாம். உங்கள் கால்கள் வேண்டும். நாலு தெரு தேடி வாருங்கள்!