குள்ளர் வீடு கட்டியவள்

மல்லச்சந்திரத்து மலைமேல் நிற்கும் கல்திட்டைகளைப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்பார்கள் தொல்லியலார். ஊர்க்காரர்களுக்கு அவை பாண்டவர் வீடுகள். சிலருக்குக் குள்ளர் வீடுகள். நாலு பலகைக்கல்லையும் ஒரு மூடுகல்லையும் பார்த்து, உள்ளே ஒரு குள்ளக் குடும்பத்தையே குடிவைத்தது யார்? ஆட்டை மேயவிட்டுவிட்டு, பேச ஆளில்லாமல் பாறை நிழலில் உட்கார்ந்திருந்த ஒருத்தியாகத்தான் இருக்கும் என்பது எங்கள் ஊகம். ஆதாரம் கேட்காதீர்கள்.

அப்படி உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் உண்டு. எழுபதுகளில் இந்த வட்டாரத்துக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. லேலண்டு, டிவிஎஸ், டைட்டன், இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ். மகன் ஷிஃப்டுக்குப் போகிறான், பேத்தி கம்பெனி பஸ் ஏறுகிறாள். தளி, அஞ்செட்டிப் பக்கம் ராகிக் கொல்லையும் மாடும் அவ்வாவின், அதாவது பாட்டியின், தலையில். கதிர் முற்றும் பருவத்தில் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் இறங்கும். அந்த இரவுகளைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். யானையின் கோபத்துக்கு ஒரு முன்கதை வைத்திருப்பாள்; அதில் செத்துப்போன புருஷன் வருவான், கூத்தில் பார்த்த துரியோதனன் படுகளமும் வரும்.

வர்ஜீனியா உல்ஃப் 1929இல், எழுதும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்றார். அவ்வாவுக்கு வீடே காலியாகக் கிடக்கிறது. முதியோர் உதவித்தொகை, கிடைத்தால், மாதம் 1,200 ரூபாய். அவள் கதையைக் கேட்கத்தான் ஆளில்லை.

நாமும் கேட்கவில்லை. தனிமையை எழுத்தாளனின் பெயரில் பட்டா போட்டுக்கொண்டது சிற்றிதழ் உலகம். மௌனியின் கதைகளில் வரும் ஆண்கள் தனித்திருந்தால் அகவுலகம். கிழவி தனித்திருந்தால் ‘ஐயோ பாவம்’. ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர்களும் தாலாட்டையும் ஒப்பாரியையும்தான் கேட்கிறார்கள். இரண்டும் இன்னொருவருக்காகப் பாடியவை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை யார் கேட்டது? அதில் பாதி தெலுங்கு, கொஞ்சம் கன்னடம் என்பது நம் பதிப்பாசிரியர்களுக்குக் கூடுதல் தொல்லை.

மாத்திரை வாங்கிவர ஆளில்லாத தனிமையை நாங்கள் கொண்டாடவில்லை. அது கொடுமை. அந்தக் கொடுமைக்குள் இருந்துகொண்டும் ஒருத்தி உலகம் செய்கிறாள் என்றால், அனுதாபத்தோடு நாம் நிறுத்திக்கொள்வது சோம்பேறித்தனம்.

அடுத்த இதழிலிருந்து சில பக்கங்களை இந்தக் கதைகளுக்கென ஒதுக்குகிறோம். உங்கள் ஊர் அவ்வாவோ அஜ்ஜியோ பாட்டியோ சொன்னதை, மூன்று மொழி கலந்து வந்தால் கலந்தபடியே எழுதி அனுப்புங்கள். திருத்த மாட்டோம். ஒப்பாரி மட்டும் வேண்டாம். கைவசம் நிறைய இருக்கிறது.