கடலோரத்து எல்லைக்கல்

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்குகிறவர்கள் வில்லங்கம் பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள். நிலத்தை மட்டும் அளந்து பார்க்க மாட்டார்கள்! கேட்டால், "அதான் பத்திரம் பதிவாயிடுச்சே" என்பார்கள். பதிவு அலுவலகத்தில் பதிவாவது காகிதம் ஐயா, அங்கே யாரும் மண்ணை அளப்பதில்லை.

புரோக்கர் காட்டும் கல் ராத்திரியோடு ராத்திரியாக நகரும். புல வரைபடத்தை வைத்து சர்வேயர் அளந்து காட்டுவதுதான் எல்லை. கடலோரத்தில் அதுவும் போதாது. கிராமப்புறத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வெளியாட்கள் புதுவீடு கட்டக் கூடாது. மக்கள் நெருக்கமான கிராமங்களுக்கு 2019 அறிவிக்கை இதை 50 மீட்டராக்கியது. அந்தக் கோடு புல வரைபடத்தில் இருக்காது. கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தோடு மனையைப் பொருத்திப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

லட்சக்கணக்கில் கொட்டி மனை வாங்குகிறவருக்கு அளவுக்கூலி மட்டும் வெட்டிச்செலவாம்! ஏமாந்தால் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் இருப்பது வலை உலர்த்தும் புறம்போக்கு. வேலி பத்தடி தள்ளி விழுந்தால் அவருக்குத் தோட்டம், மீனவருக்குப் பிழைப்பு போச்சு. அளக்காமல் போடுகிற வேலிக்கு ஆக்கிரமிப்பு என்றுதான் பெயர்.