44 மாதங்களுக்கு முன் எடுத்த ஆர்டர்

காங்கேயத்து உலர் களங்களுக்குக் கொப்பரை வரத்து குறைந்தால், அடுத்த சில நாட்களில் நம் வீட்டுச் சட்னி மெலிந்துவிடும். 2025-ல் தேங்காய் விலை ஏறியபோது பொட்டுக்கடலைக்கு வந்த யோகத்தை இல்லத்தரசிகள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளை ஈதான் காரணம் என்றார்கள் சிலர். வாடல் நோய் என்றார்கள் சிலர். இரண்டும் உண்மைதான். ஆனால், தென்னை தனக்குள் வைத்திருக்கும் காலண்டரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. அந்தப் பாளை வெளியே தெரிவதற்கு வெகு காலம் முன்பே குருத்துக்குள் கருவாகிவிடுகிறது. கருவானதிலிருந்து வெடித்து விரிய சுமார் 32 மாதங்கள். பூ காயாகி முற்ற இன்னும் 12 மாதங்கள். ஆக மொத்தம் 44. இன்று நீங்கள் உடைக்கும் தேங்காய்க்கு மரம் வேலையைத் தொடங்கி மூன்றரை வருடம் தாண்டிவிட்டது!

திருப்பூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். வெளிநாட்டுக் கோடைக்கான டி-சர்ட் ஆர்டரைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். நூல் தாமதம், சாயப்பட்டறையில் சிக்கல் என்றால்கூட, கப்பலை விட்டுவிட்டு விமானத்தில் ஏற்றி, கைநஷ்டத்தோடாவது சரக்கை அனுப்பிவிடலாம். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. குருத்துக்குள் எந்த நேரத்திலும் 30 பாளைகளாவது வெவ்வேறு வயதில் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு வறட்சி வந்தால் அத்தனையையும் தொட்டுவிட்டுத்தான் போகும்.

2016-ல் அதுதான் நடந்தது. வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த நவம்பரில் கருவான பாளை விரிய வேண்டிய காலம் 2019 ஜூலை; காய் முற்றுவது 2020 ஜூலை. இடையில் மழை பெய்து கிணறு நிறைந்தாலும், பழைய வறட்சியின் கணக்கு மரத்துக்குள் பாக்கி இருக்கும். 'இந்த வருஷம் தண்ணி நல்லாத்தானே விட்டோம், குலை ஏன் சிறுத்துப்போச்சு?' என்று உடுமலைப் பக்கத் தோப்புகளில் எழும் கேள்விக்குப் பதில், பல நேரங்களில் மூன்று வருடத்துக்கு முந்தைய வானத்தில்தான் இருக்கிறது.

வெயில் செய்வது வேறு வேலை. கடும் சூடும் வறண்ட காற்றும் சேர்ந்தால் மகரந்தத்தின் முளைப்புத் திறன் குறையும், குரும்பைகள் உதிரும். இது அதே வருடத்தில் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம்.

மாமரத்தில் மாற்றம் பளிச்சென்று தெரியும். குளிர்ந்த இரவும் காய்ந்த மண்ணும் இருந்தால் நுனி மொட்டு பூவாகும். மார்கழியில் மழை கொட்டினால் அதே மொட்டு தளிராகிவிடலாம். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூக்கும் நாளை 1,200 ஆண்டுகளாகக் குறித்துவருகிறார்கள். 2021-ல் மார்ச் 26-ம் தேதியே முழுதாகப் பூத்து, அதுவரையிலான குறிப்புகளிலேயே மிக முந்திய நாளானது. ஆண்டு முழுக்கப் பாளை விடும் தென்னைக்கு அப்படி ஒரு 'பூக்கும் நாள்' இல்லை. அதனால் அதன் தடுமாற்றம் யார் கண்ணிலும் படுவதில்லை.

வானத்தை மாற்ற முடியாது. வேருக்குப் பக்கத்தில் இருக்கும் ஈரத்தைக் காப்பாற்றலாம். மரத்தைச் சுற்றி 6 அடி வட்டத்தில் 100 உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி பரப்பச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். இல்லையென்றால் காய்ந்த ஓலை 15 போதும். சிக்கல் என்னவென்றால், அதே மட்டைக்கு நார் ஆலை இன்றைக்கே காசு தருகிறது. மரத்தடியில் போட்ட மட்டை முழுப் பலனைக் காட்ட 44 மாதங்கள் ஆகும். கடன் தவணை கட்டுகிற சிறு விவசாயி லாரியில் ஏற்றிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படி ஏற்றுபவர்கள் ஓலையையாவது தோப்பில் விட்டுவைக்கலாம். அதையும் பருவமழை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே பரப்பிவிட வேண்டும். பங்குனி வெயிலில் மண் காய்ந்த பிறகு போட்டால், காப்பாற்ற அங்கே ஈரமே இருக்காது.