மேற்கோளும் புள்ளிக் கணக்கும்



ஓர் அறிஞரின் பெருமையை எதனைக் கொண்டு அளப்பது? இன்றைய பல்கலைக்கழகங்கள் இவ்வினாவிற்கு எண்களால் விடை காண விழைகின்றன. அவர் வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்பன கணக்கிடப்படுகின்றன. அறிவியற் கட்டுரைகளுக்கு மேற்கோள் அட்டவணை ஒன்று வேண்டுமென 1955ஆம் ஆண்டில் யூஜின் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கர் முன்மொழிந்தார். 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர், ஓர் அறிஞரின் ஆக்கங்கள் அனைத்தையும் ஒற்றை எண்ணாகச் சுருக்கும் வழியைக் கூறினார். ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 முறையேனும் எடுத்தாளப்பட்டிருப்பின் அவருக்குரிய எண் 20 ஆகும்.

மேற்கோள் என்பது தமிழர்க்குப் புதியதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைத்தில. உரையாசிரியரும் தொகுப்பாசிரியரும் எடுத்தாண்ட செய்யுள்களாலேயே அவை இன்று அறியப்படுகின்றன. ஆதலின் மேற்கோள் காட்டுவது முன்னோர்க்குச் செலுத்தும் நன்றிக்கடன். நூலொன்றின் உயிரைக் காக்கும் பணியுமாகும். அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் எண்ணிக்கை ஒன்றே அறிவின் எடையாகிவிடுமா என்பதே எமது வினா.

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் தமிழரின் வாழ்வு இதற்கு விடை பகரும். 1910இல் லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவர், 1930இல் இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் செல்கையில், பத்தொன்பது வயதிலேயே, எரிந்தடங்கிய விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்தார். அவ்வெல்லை சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935இல் இலண்டனில் அறிஞர் அவையில் எடிங்டன் என்னும் புகழ்பெற்ற வானியலாளர் அக்கருத்தை எள்ளி நகையாடினார். அன்று எவரேனும் புள்ளிக் கணக்குப் பார்த்திருப்பின் இளைஞரான சந்திரசேகருக்கு என்ன கிடைத்திருக்கும்? உலகம் அவருக்கு நோபல் பரிசு வழங்கியது 1983இலேயாகும்.

இடைப்பட்ட காலத்தில் அவர் வாளாவிருந்தாரல்லர். விண்மீன்களின் அமைப்புப் பற்றி 1939இல் ஒரு நூல். அவற்றின் இயக்கம் பற்றி 1942இல் ஒன்று. கதிர்வீச்சுப் பற்றி 1950இல் ஒன்று. பாய்பொருள்களின் உறுதிநிலை பற்றி 1961இல் ஒன்று. கருந்துளைகள் பற்றி 1983இல் ஒன்று. ஒரு துறையில் ஆழ்ந்து கற்று, நூலாக்கி, பின்னர் அடுத்த துறையில் மாணவனாய்ப் புகுவது அவர்தம் இயல்பு. ஒழுங்கற்ற அசைவுகள் பற்றி 1943இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, வானியலுக்கு வெளியே இரசாயனவியலாராலும் எடுத்தாளப்பட்டது. புள்ளிகளையே நாடுபவர், பெயர் பெற்ற துறையை விட்டு அகலத் துணிவாரா?

எமது மொன்றியல் நகரிலும் சான்று உண்டு. 1898 முதல் 1907 வரை மக்கில் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ரதர்போர்ட் பௌதிகவியலாளர். 1908இல் அவர் பெற்ற நோபல் பரிசோ இரசாயனவியலுக்குரியது. அறிவு துறைகளின் வேலிகளை மதிப்பதில்லை. மேலும், மருத்துவத்தில் மேற்கோள்கள் மிகுதி, கணிதத்தில் குறைவு. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. தமிழில் எழுதப்படும் ஆய்வுகளுட் பெரும்பாலானவை அனைத்துலக அட்டவணைகளில் இடம்பெறுவதேயில்லை. அதனால் அவை ஆய்வுகள் அல்ல என்றாகிவிடுமா?

இச்செய்தி அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. லாசாலில் வாழும் எமது இல்லங்களிலும் இதே கணக்கு நடைபெறுகின்றது. பிள்ளை பெற்ற புள்ளிகளை அயலார் பிள்ளையின் புள்ளிகளோடு ஒப்பிடுகின்றோம். மருத்துவமும் பொறியியலும் தவிர்ந்த துறைகளை வீண் என்கின்றோம். "தமிழ் படித்தால் பாடசாலையிற் புள்ளி கிடைக்குமா?" என்று வினவி, வார இறுதி வகுப்பை நிறுத்துவோரும் எம்மிடையே உளர். கணக்கில் வராதது பயனற்றது என்னும் எண்ணமே இவை அனைத்திற்கும் வேர். அவ்வெண்ணம் பிள்ளையின் ஆர்வத்தைக் கருக்கும். ஒரு மொழியையும் இழப்பிக்கும்.

புள்ளிகள் வேண்டாமென நாம் கூறவில்லை. அவை ஒரு நாளின் அளவைக் காட்டுவன. ஒரு வாழ்நாளின் அளவைக் காட்டா. பெற்றோரே, பிள்ளை வீடு திரும்பியதும் "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "இன்று புதிதாக என்ன அறிந்தாய்?" என்று தமிழிலே கேளுங்கள். மாணவரே, பிறர் கருத்தை எடுத்தாளும்போது அவர் பெயரை மறவாது குறிப்பிடுங்கள். அம்மம்மா சொல்லித்தந்த செய்தியாயின் அவர் பெயரையும் எழுதுங்கள். நன்றியுடன் கற்பவரே நாளை பிறர் எடுத்தாளத்தக்கவற்றைப் படைப்பர் என்பது எமது துணிபு.